காயம் ஆறும்வரை வேலை உண்டு

விடிந்ததிலிருந்து மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடது புருவத்துக்கு மேலே பெரிய காயம். அதிலிருந்து கன்னம் வரைக்கும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் தோளிலும் ரத்தம். ஓர் ஈ என்னையே சுற்றிச் சுற்றி வந்தது. அதை விரட்டக்கூடக் கையை நெற்றிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது மேக்கப்மேன் சேகரின் உத்தரவு.

அப்போதுதான் தங்கை கலா போன் செய்தாள்.

"அண்ணே, எங்க இருக்க?"

"தோப்புலதாம்மா. பக்கத்துலதான்."

"கெளம்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு. மொட்டை எடுத்தாச்சு. ஆசாரி வந்து உக்காந்துட்டாரு."

அன்று அழகர்கோவிலில் அவள் மகள் யாழினிக்கு மொட்டையும் காதுகுத்தும். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இதை வழக்கம் என்று மட்டும் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். மாமன் மடி இல்லையென்றால் விசேஷமே இல்லை. பத்திரிகையில் சாமி பெயருக்கு அடுத்தபடியாக என் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். கலாவுக்கு நான் ஒரே அண்ணன்.

கோவில் அங்கிருந்து கூப்பிடு தூரம். கோவிலுக்குப் போகும் வேன்களின் ஹாரன் சத்தம் தோப்புக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

மழை செய்த வேலை

தோப்பில் எடுத்துக்கொண்டிருந்த படத்தில் நான் கதாநாயகனின் பங்காளி. ஊர்ப் பஞ்சாயத்தில் கைகலப்பு வருகிறது, என் தலையில் கல் விழுகிறது. அதற்குப் பிறகு படம் முடிகிறவரை ரத்தத்தோடேயே நிற்க வேண்டும். கதைப்படி ஒரே பகலில் நடந்து முடிகிற பஞ்சாயத்து. அதைப் படமெடுக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அத்தனை நாளும் காயம் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். சேகர் தன் செல்போனில் என் நெற்றியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தார். தினமும் காலையில் அதைப் பார்த்துப் பார்த்துப் பஞ்சும் பசையும் சாயமும் வைத்து ஒட்டுவார். அதற்கே இரண்டு மணி நேரம் போய்விடும். சினிமாவில் இதற்குக் கன்டினியுட்டி என்று பெயர். முந்தின ஷாட்டில் எப்படி இருந்தாயோ அப்படியே அடுத்த ஷாட்டிலும் இரு என்று அர்த்தம்.

அந்தக் காயத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பஞ்சாயத்து முடிகிறவரை அது ஆறாது. அது ஆறாதவரை எனக்கு வேலை உண்டு. செல்லூரில் பவர்லூம் ஓட்டி வாரக் கூலி வாங்கிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, இவ்வளவு உறுதியான வேலை எனக்குக் கிடைத்ததே இல்லை. என் மனைவி ரேவதி ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற ஆள் அவள்தான்.

"அப்ப மெதுவாவே ஆறட்டும். மருந்து கிருந்து போட்டுத் தொலைச்சிராதீக" என்று சிரித்தாள்.

காதுகுத்து நாளை நான் முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தேன். "அதுக்கு முன்னாடியே உங்க வேலை முடிஞ்சிரும்ணே" என்று கோ-டைரக்டரும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நடுவில் மழை வந்து தோப்பெல்லாம் சேறாகிவிட்டது. நாள் தள்ளித் தள்ளிப் போனதில், காதுகுத்து அன்றைக்கும் என் வேலை பாதிதான் முடிந்திருந்தது.

அன்று காலையிலும் போய்க் கேட்டேன்.

"சார், ஒரு மணி நேரம் போதும். கோவில் இந்தா இருக்கு."

"அண்ணே, ஹீரோ எப்ப வருவாருன்னு எனக்கே தெரியாது. வந்து இறங்குனதும் மொத ஷாட் உங்களோடதுதான். அந்த நேரம் நீங்க இல்லைன்னா நான் என்ன செய்வேன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். நன்றாகவே தெரியும்.

என் சட்டையில் இன்னொருவர்

தறியை விட்டு நடிக்க வந்த புதிதில், திருமங்கலம் பக்கம் ஒரு படத்தில் எனக்குப் போலீஸ்காரர் வேஷம். முதல் நாள் என் முதுகை மட்டும் எடுத்தார்கள். முகம் மறுநாள் என்றார்கள். அன்று ராத்திரியே காய்ச்சல் அனலாக அடித்தது. காலையில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று மேனேஜருக்குப் போன் செய்தேன். "பார்த்து வாங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்றார். அவர் குரலில் அவ்வளவு கனிவு இருந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் என் காக்கிச் சட்டையை வேறொருவர் போட்டுக்கொண்டு நின்றார். நெஞ்சில் அதே பெயர்ப் பட்டை. தொப்பி அவருக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அவர் நல்ல மனுஷன். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போய், "கூப்பிட்டாங்கண்ணே, நான் வந்தேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். முந்தின நாள் லத்தியை இடது கையில் பிடித்திருந்தேன் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லாமல் வந்திருந்தால் படத்தில் லத்தி கை மாறியிருக்கும். நம் வேஷம் போய்விட்டது என்பதற்காகப் படம் கெடலாமா?

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். காய்ச்சல் கண்ணு என்று பக்கத்து சீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து ஒரு முடிவு. ஒப்புக்கொண்ட நாளில், உட்காரச் சொன்ன இடத்தில் இருப்பேன். என் சட்டை என் உடம்பில்தான் இருக்கும்.

பல் பிடுங்கவும் அனுமதி

இரண்டு வாரம் முன்பு, நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் போனில் பேசினார். "நிழல்ல உக்காந்திருக்கீக, டீ வருது, சாப்பாடு வருது. இதுல என்ன சார் கஷ்டம்?" என்று கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அவருக்கு என் கடைவாய்ப் பல்லின் கதையைச் சொன்னேன்.

இதே படத்தின் முதல் வாரம். பல்வலி உயிர் போனது. டாக்டர் பிடுங்கிவிடலாம் என்றார். பிடுங்கினால் கன்னம் வீங்கும். வீங்கினால் நேற்று எடுத்த முகத்துக்கும் நாளை எடுக்கும் முகத்துக்கும் ஒட்டாது. என் சொந்தப் பல்லைப் பிடுங்குவதற்குக் கோ-டைரக்டரிடம் போய் அனுமதி கேட்டேன். "படம் முடியட்டும்ணே" என்றார். கிராம்பைக் கடித்துக்கொண்டே பஞ்சாயத்தில் நின்றேன்.

பல் மட்டுமில்லை. மீசையை ஒரு நூல் குறைக்கக் கூடாது. வெயிலில் அலைந்து கறுக்கக் கூடாது. டூவீலரில் போகும்போது விழக் கூடாது. இப்படிப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுகிற உடம்புக்கு, படம் முடிந்த மறுநாளே ஒருவரும் போன் செய்யமாட்டார்கள். அப்போது மீசையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது என்ன வேலை என்று கேட்பார்கள். நடிகர் என்றால் எந்தப் படம் என்பார்கள். பெயரைச் சொன்னால், "அதுல நீங்க எங்க வந்தீக?" என்பார்கள். நான் கதவோரம் நின்றதை விளக்கிச் சொல்வதற்குள் ரேவதி குறுக்கே புகுந்து, "நான் டீச்சருங்க" என்பாள். வீடு கிடைத்துவிடும்.

வாசகர், "இப்ப பல்லு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார்.

வேன் வந்தது

தோப்புக்குத் திரும்புகிறேன். கலா மறுபடியும் போன் செய்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் காது குத்தியாக வேண்டும்.

"கலா, நான் சொல்றதைக் கேளு. பெரியப்பா மகன் இருக்கான்ல? மொட்டைக்கு அவன்தானே மடியில வச்சிருந்தான். காதுக்கும் அவனே இருக்கட்டும். நான் சாயங்காலம் வாரேன்."

அந்தப் பக்கம் கோவில் மேளம் மட்டும் கேட்டது.

"நீ அங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்குப் பிள்ளை இல்லாத வருஷங்களில் ஊரில் எத்தனை காதுகுத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பி வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய நாள் என்று ஒன்று வந்திருக்கிறது. அண்ணன்காரன் சாயத்தைப் பூசிக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எழுந்து போய்விடலாமா என்று இரண்டு கால்களும் துடித்தன. சேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் தோப்புக்குள் திரும்பியது. சாப்பாட்டு வண்டி என்று நினைத்து யூனிட்டில் நாலைந்து பேர் எழுந்தார்கள். வேனிலிருந்து முதலில் கலா இறங்கினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. இடுப்பில் யாழினி, மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். பின்னால் சுருட்டிய ஜமக்காளத்தோடு அவள் புருஷன் முருகேசன். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அன்று காலையில் பறித்த வெற்றிலை தட்டில் இருந்தது. சீர்த்தட்டோடு ரேவதி. டப்பாவோடு ஆசாரி. அப்புறம் அத்தை, சித்தி, பெரியப்பா மகன் என்று சொந்தபந்தமெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கோ-டைரக்டர் ஓடிவந்தார். "யாருங்க நீங்கள்லாம்? இங்க சூட்டிங் நடக்குது."

கலா கொஞ்சமும் அசரவில்லை. "சார், எங்க அண்ணன் வேலையை விட்டுட்டு வர வேணாம். நாங்களும் உங்க வேலைக்கு இடைஞ்சல் பண்ணலை. அஞ்சு நிமிசம் அவரு மடி மட்டும் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை என்பதைக் காட்டுவது போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோட்டைப் பார்த்தார், ஹீரோவின் வண்டி இன்னும் வரவில்லை.

"சீக்கிரம் முடிங்கம்மா" என்றார்.

முருகேசன் ஜமக்காளத்தை விரித்தார். "உக்காருங்க மச்சான்."

அத்தைதான் முனகினார். "நல்ல காரியத்துல ரத்தத்தோடயாடி உக்காருவான்?"

"சாயம் அத்தை அது. நெசமா அடிபட்டிருந்தாத்தான் நான் பயப்படணும்" என்றாள் கலா.

மாலை போட வந்தார்கள், வேண்டாமென்றேன். தலைப்பாகை கட்ட வந்தார்கள், காயத்தில் பட்டுவிடும் என்று சேகரே வந்து தடுத்தார். மாமன் இவ்வளவு வெறுமையாக உட்கார்ந்த காதுகுத்து அழகர்கோவில் பக்கத்தில் வேறு நடந்திருக்காது.

சந்தனம்

பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படும் என்று நினைத்தேன். பயப்படவில்லை. மடியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து நெற்றிக் காயத்தைப் பார்த்தாள். பஞ்சின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்ததை எப்படித்தான் கண்டுபிடித்தாளோ, அதைப் பிடித்து உரிக்கக் கையை நீட்டினாள். சேகர் பதறிப்போய் "பாப்பா, பாப்பா" என்றார். நான் அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ரேவதி நாங்கள் வாங்கிவைத்திருந்த தோட்டை ஆசாரியிடம் கொடுத்தாள். பெரியப்பா மகன் பிள்ளைக்கு வாழைப்பழத்தைக் காட்டினான். ஒரு காது முடிந்தது. யாழினி போட்ட சத்தத்தில் லைட் தூக்குகிற ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த காதுக்கு ஆசாரி கை வைத்ததும் அவள் திமிறிக்கொண்டு திரும்பி, என் நெஞ்சில் முகத்தையும் தலையையும் தேய்த்துத் தேய்த்து அழுதாள். காயம் அவள் கைக்கு எட்டாமல் இருக்க நான் அண்ணாந்துகொண்டேன்.

இரண்டாவது காதும் முடிந்தது. கலா பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்தால் சாயம் கலையும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போது சேகர், "அண்ணே, சட்டை" என்றார்.

குனிந்து பார்த்தேன். காயத்தைக் காப்பாற்றி, சட்டையைக் கோட்டை விட்டிருந்தேன். வெள்ளைச் சட்டையின் நெஞ்சு முழுக்க மஞ்சள் சந்தனம். தலையளவு வட்டமாக, அதற்குக் கீழே வாழைப்பழமும் கண்ணீரும்.

உடைகளைப் பார்த்துக்கொள்கிறவர் தண்ணீரும் துணியுமாக ஓடிவந்து தேய்த்தார். சந்தனம் பரவியது. தோளில் இருந்த ரத்தச் சாயமும் கரைந்து அதோடு சேர்ந்துகொண்டது. மாற்றுச் சட்டை ஒன்று இருந்தது, அதைக் கைகலப்புக் காட்சியில் கிழித்துவிட்டார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து ஹீரோவின் வண்டி உள்ளே வந்தது. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

திருமங்கலத்துக் காக்கிச் சட்டை கண் முன்னால் வந்தது. ஆனாலும் ஒன்று முடிவு செய்துகொண்டேன். யார் மேலும் பழி போடக் கூடாது, மன்னிப்புக் கேட்டு அழவும் கூடாது.

டைரக்டர் சட்டையைப் பார்த்தார். "என்ன இது?"

கோ-டைரக்டர் தரையைப் பார்த்தார். பாவம், அனுமதி கொடுத்தது அவர்.

"தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்துனோம் சார். நான் எங்கயும் போகலை, இங்கதான் இருந்தேன். சட்டை போச்சு. காயம் அப்படியேதான் இருக்கு, முகம் இருக்கு, வசனம் மனப்பாடமா இருக்கு. எடுங்க சார், நான் செய்யிறேன்."

இவ்வளவு நீளமாக நான் ஒரு டைரக்டரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வேனைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், கேமராமேனைப் பார்த்தார்.

"கழுத்துக்கு மேல வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

அதுவரை கேமரா என்னிடம் அவ்வளவு பக்கத்தில் வந்ததே கிடையாது. கூட்டத்தில் நிற்பேன், கதவோரம் நிற்பேன், ஹீரோவின் தோளுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவேன். அன்று என் முகம் மட்டும்.

அடித்தது யார் என்று பஞ்சாயத்தில் கேட்கிறார்கள். அடித்தது என் தம்பி. நான் சொல்ல வேண்டிய வசனம், "அது எங்க வீட்டு விசயம். நாங்க பாத்துக்கிறோம்." அவ்வளவுதான். துடைக்காமல் விட்ட கண்ணீர் இன்னும் இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. ஒரே டேக்.

"ஓகே" என்றார் டைரக்டர்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்

நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். கலாவும் மற்றவர்களும் அதற்குள் பந்திக்குக் கிளம்பியிருந்தார்கள். கோ-டைரக்டர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். அவர் அப்படி உட்கார்ந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, குளோசப் பிரமாதம். ஆனா மத்த ஷாட் எல்லாம் வைடு, முழு ஆளும் தெரியும். சட்டை மேட்ச் ஆகாது. புதுசு தைச்சு வர்ற வரைக்கும் யூனிட்டை நிறுத்த முடியாது. அதனால..."

"சொல்லுங்க சார்."

"உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டதா ஒரு வசனம் சேர்த்துக்கிறோம். உங்க போர்ஷன் இதோட முடியுது."

இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்த வேலை ஒரே வசனத்தில் போய்விட்டது. அந்த வசனத்தைப் பேசப்போவதும் வேறொருவர். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். ஆனால் என் சட்டையை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. அந்தப் பங்காளி கடைசிவரை நானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சேகர் எண்ணெய்யும் பஞ்சுமாகக் காயத்தை எடுக்க வந்தார். "இருக்கட்டும், விருந்து முடிச்சிட்டு நானே எடுத்துக்கிறேன்" என்றேன். நெற்றியிலிருந்து அதை உடனே பிய்த்தெடுக்க மனசு வரவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சந்தனச் சட்டையும் நெற்றி ரத்தமுமாக நான் இலையில் உட்கார்ந்ததைப் பார்த்து, பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். கலா அவரிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

"சாயங்காலம்தானே வருவேன்னு சொன்ன? இப்பவே விட்டுட்டாகளா?"

"ம்."

"நாளைக்குப் போகணுமா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. "முடிஞ்சிருச்சும்மா. சட்டை ஒத்துவராதாம்."

வாளியைக் கீழே வைத்தாள். "எங்களாலயா?"

"குளோசப் எடுத்தாங்க கலா. இந்த மூஞ்சி மட்டும் திரை முழுக்க வரும். இத்தனை வருசத்துல எடுத்ததில்லை."

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் காயத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துச் சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"இவ வயசுக்கு வர்றப்பவும் நீதான் சீர் கொண்டு வரணும். அன்னைக்கும் இதே மாதிரி ரத்தத்தோட நேரா சூட்டிங்ல இருந்து வா. இதைவிடப் பெரிய காயமா இருக்கணும்ணே."

"வாரேன்" என்றேன்.